ஆக்சிஜன் இல்லாம சூரியன் எப்படி எரியுது? மவ கேட்டா, பதில் தெரியல

தக்கலைக்காரன் · வெள்ளி இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். சின்ன சந்தேகம் ஒண்ணு, யாரும் சிரிக்காதீங்க. எனக்க மவ ஆறாங்கிளாஸ் படிக்கா. நேத்து சாயங்காலம் கரண்டு போச்சு, மெழுகுதிரி கொளுத்தி வச்சிருந்தோம், அவ ஒரு கண்ணாடி கிளாஸ எடுத்து அதுக்க மேல கவுத்துனா, கொஞ்ச நேரத்துல அணைஞ்சிட்டு. ஆக்சிஜன் தீந்தா நெருப்பு அணைஞ்சிரும்னு ஸ்கூல்ல சொல்லி குடுத்திருக்காவ. பொறவு என்னைய பாத்து கேக்கா, "அப்பா, ஆகாசத்துல காத்தே கெடையாதுன்னு சொன்னீங்கல்லா, அப்பம் சூரியன் மட்டும் எப்படி அணையாம எரியுது?" நான் பெரிய ஆளு மாதிரி "அது கேஸ் உருண்டை மக்களே, உள்ள கேஸ் நெறைய கெடக்கு, அதான் எரியுது"ன்னு சொல்லிட்டேன். அவ விடுவாளா. "நம்ம அடுப்புலயும் கேஸ் தான, அதுக்கு காத்து வேண்டாமா?"ன்னு கேட்டுட்டா. போய் படுத்து தூங்குன்னு சொல்லி அனுப்பிட்டேன், ஆனா ராத்திரி எனக்கு தான் தூக்கம் வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கு புரியற மாதிரி.

அக்கானி · வெள்ளி இரவு 9:21

கேஸ் உருண்டைன்னா சிலிண்டர் எப்ப புக் பண்ணுவாங்கன்னு அவ கேக்காம விட்டாளே, அதுக்கே வேளிமலை முருகனுக்கு ஒரு தேங்கா ஒடைங்க அண்ணே. எனக்கு பதில் தெரியாது, வேடிக்க பாக்க தான் வந்தேன்.

டியூஷன்_டீச்சர் · வெள்ளி இரவு 9:48

உங்க பொண்ணு சரியான கேள்வி தான் கேட்டிருக்கா சார். நூத்தி சொச்சம் வருஷம் முன்னாடி வரைக்கும் பெரிய பெரிய விஞ்ஞானிங்களே இதுக்கு பதில் இல்லாம முழிச்சிட்டு தான் இருந்தாங்க.

மெழுகுதிரி எரியறது கெமிஸ்ட்ரி. மெழுகுல இருக்கற கார்பனும் ஹைட்ரஜனும் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேருது, சூடு வருது. சரி, ஒரு பேச்சுக்கு சூரியன் முழுக்க நல்ல நிலக்கரி, அதுக்கு வேண்டிய ஆக்சிஜனும் எங்கிருந்தோ வந்துட்டே இருக்குன்னு வச்சுக்கோங்க. சூரியனோட எடை 2 போட்டு பக்கத்துல 30 சைபர், அவ்வளவு கிலோ. ஒரு கிலோ கரி எரிஞ்சா சுமார் 3 கோடி ஜூல் கெடைக்கும். சூரியன் ஒவ்வொரு செகண்டும் வெளிய விடறது 38 போட்டு 25 சைபர் ஜூல். வகுத்து பாருங்க, 5000 வருஷம் தான் வரும். சிந்து சமவெளிக்காரங்க காலத்துல பத்த வச்சது இப்ப சாம்பலாயிருக்கணும். ஆனா சூரியனுக்கு வயசு 460 கோடி வருஷம்.

அப்புறம் 1800கள்ல ஹெல்ம்ஹோல்ட்ஸ், கெல்வின் ரெண்டு பேரும் வேற ஒண்ணு சொன்னாங்க, சூரியன் தன் எடையாலயே உள்ளுக்குள்ள சுருங்குது, அந்த அமுக்கத்துல சூடாகுதுன்னு. சைக்கிளுக்கு காத்தடிச்சா பம்போட அடிப்பக்கம் சுடுமே அந்த மாதிரி. இது சும்மா தள்ளிவிடற ஐடியா கெடையாது, ஒரு நட்சத்திரம் பொறக்கும்போது மொத சூடு அப்படி தான் வருது. ஆனா கணக்கு போட்டா 2, 3 கோடி வருஷத்துக்கு தான் தாங்கும். பாறைய படிக்கறவங்களும் டார்வினும் பூமிக்கே அதவிட ரொம்ப ரொம்ப வயசு ஆகுதுன்னு சண்டைக்கு நின்னாங்க. நாம போட்ல போயி பாக்கறோமே விவேகானந்தர் பாறை, அந்த மாதிரி நம்மூர் பாறையெல்லாம் 50 கோடி வருஷத்துக்கு மேல பழசு. கெல்வின் கணக்க நம்புனா பாறை இருந்திருக்கு, மேல சூரியன் இல்ல!

மீதிய நாளைக்கு எழுதறேன், டென்த் பசங்க பேப்பர் கட்டு அப்படியே கெடக்கு.

முட்டம்_வள்ளம் · வெள்ளி இரவு 10:05

அப்பம் கூடங்குளத்துல நடக்கது தானா இது? அங்கயும் கரி இல்ல, பொகையும் இல்ல. நாங்க கன்னியாகுமரி தாண்டி கெழக்க தொழிலுக்கு போவும்போ கடல்ல இருந்து பாத்தா ரெண்டு கொடத்த கவுத்தி வச்ச மாதிரி தெரியும். சூரியனும் அந்த மாதிரி ஒரு அணு உலைன்னு எவனோ சொல்லி கேட்டிருக்கேன்.

மணவை_மணல் · வெள்ளி இரவு 10:31

முட்டம் அண்ணே, ரெண்டும் அணு சமாச்சாரம் தான், ஆனா நேர் எதிர் வேல. கூடங்குளத்துல யுரேனியம்னு ஒரு தடிச்ச அணு, அதுக்க கருவ ரெண்டா பொளக்காவ, சூடு வருது. சூரியன்ல ஹைட்ரஜன், இருக்கதுலயே சின்ன அணு, அதுல நாலு ஒண்ணு சேந்து ஒரு ஹீலியம் ஆவுது. பெருசு ஒடைஞ்சாலும் லாபம், சிறுசு சேந்தாலும் லாபம், நடுவுல இரும்பு கிட்ட வந்தா ரெண்டு பக்கமும் லாபம் இல்ல. அந்த இரும்பு கத பொறவு சொல்லுகேன், அது நம்ம மணவாளக்குறிச்சி மணல் வரைக்கும் வரும்.

எடை கணக்கு தான் இதுல முக்கியம். நாலு ஹைட்ரஜனோட எடைய கூட்டி வச்சிக்கிட்டு, சேந்து வந்த ஹீலியத்த தூக்கி பாத்தா எடை கொறவு, 0.7 சதவீதம் காணாம போயிருக்கும். அந்த காணாம போனது தான் வெளிச்சம், ஐன்ஸ்டீன் சொன்ன இ ஈக்வல் டு எம்சி ஸ்கொயர். ஒரு கிலோ ஹைட்ரஜன் ஹீலியம் ஆனா 7 கிராம் எடை காணாம போவும், அதுல வர்ற எனர்ஜி கூடங்குளத்துல 1000 மெகாவாட் யூனிட் ஒண்ணு ஒரு வாரம் ராப்பகலா ஓடி குடுக்கற கரண்டுக்கு சமம். நான் கால்குலேட்டர்ல போட்டு பாத்து தான் சொல்லுகேன், 7 நாளும் கொஞ்சமும் வந்துச்சு.

அக்கானி · வெள்ளி இரவு 10:34

7 கிராமா? ஒரு பவுன் கூட இல்லியே!

மணவை_மணல் · வெள்ளி இரவு 10:36

ஒரு கிலோவுக்கு தான் அந்த 7 கிராம், மக்கா. சூரியன் செகண்டுக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன ஹீலியம் ஆக்குது. அதுல 40 லட்சம் டன்னுக்கு மேல ஒவ்வொரு செகண்டும் காணாம போயி வெளிச்சமாவுது. நீ இந்த வரிய படிச்சு முடிக்கதுக்குள்ள ஒரு ரெண்டு கோடி டன் போயாச்சு.

குவைத்_நைட்ஷிப்ட் · சனி அதிகாலை 2:10

டூட்டில உக்காந்து இழைய முழுசா படிச்சேன். எம்எஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டு இங்க பைப்லைனுக்கு காவல் இருக்கேன், அந்த கதைய விடுங்க.

60 கோடி டன்னு கேட்டா எல்லாருக்கும் சூரியன் பயங்கரமா, வெறி புடிச்ச மாதிரி எரியுதுன்னு தோணும். நெஜத்துல அது ரொம்ப ரொம்ப சோம்பேறி. சூரியன் வெளிய விடற மொத்த சக்திய அதோட எடையால வகுத்து பாருங்க, ஒரு கிலோவுக்கு 0.0002 வாட் கூட தேறாது. நம்ம ஒடம்பு சும்மா பாய்ல படுத்து கெடந்தாலே ஒரு 100 வாட் சூடு விடும், 70 கிலோ ஆளுன்னா கிலோவுக்கு 1.4 வாட். அப்ப கிலோவுக்கு கிலோ பாத்தா தக்கலைக்காரரோட மவ சூரியனவிட 7000 மடங்கு வேகமா எரியறா. சூரியனோட நட்ட நடுவுல, அதாவது ரொம்ப மும்முரமா வேல நடக்கற எடத்துல கூட ஒரு கன மீட்டருக்கு 300 வாட்டுக்கு உள்ள தான் வரும். அது ஒரு உரக்குண்டு அளவு சூடு.

காத்தாடி_ஆரல் · சனி காலை 7:40

சும்மா அடிச்சு விடாதீங்க சார். உரக்குண்டு எங்க சூரியன் எங்க. நடுவுல ஒன்றர கோடி டிகிரின்னு தான எல்லா புக்குலயும் போட்டிருக்கு, என் ஒடம்பு 37 டிகிரி. நான் சூரியனவிட வேகமா எரிஞ்சா நான் ஏன் சூரியனவிட சூடா இல்ல? கணக்குல எங்கயோ சைபர் மாறியிருக்கு.

தக்கலைக்காரன் · சனி காலை 8:25

காத்தாடி அண்ணே கேட்டது தான் எனக்கும் தோணிச்சு, ஆனா உரக்குண்டுன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, சொல்லுகேன். எங்க வீட்டுக்கு பொறத்தால சாணியும் ரப்பர் சருவும் போட்டு ஒரு குண்டு உண்டு. மாட்ட வித்த பொறவு ஒரு வருஷம் கொஞ்சமா தான் போட்டோம், அந்த வருஷம் அது சூடே ஆகல, சும்மா அழுகி கெடந்துச்சு. முந்தியெல்லாம் ஆள் ஒசரத்துக்கு குவிச்சு போட்டிருப்போம், மார்கழி காலத்துல வெடியக்காலம் மம்பட்டியால ஒரு வெட்டு வெட்டுனா ஆவி குபுக்குன்னு வரும், நடுவுல கைய விட்டா ரெண்டு செகண்டு வச்சிருக்க முடியாது. ஆனா மேல் பக்கம் பச்ச தண்ணி மாதிரி குளுந்து கெடக்கும், கோழி படுத்திருக்கும். ஒரே சாணி தான், குவியல் பெருசானா தான் சூடு ஏறுது. அந்த கணக்கா இது?

குவைத்_நைட்ஷிப்ட் · சனி காலை 9:02

அண்ணே, நீங்களே பதில சொல்லிட்டீங்க, நான் எழுதியிருந்தா இவ்வளவு அழகா வந்திருக்காது.

காத்தாடி சாருக்கு: சூடு எவ்வளவு உண்டாகுதுங்கறது ஒண்ணு, எவ்வளவு தங்குதுங்கறது வேற. ஒரு பொருள் பெருசாக பெருசாக உள்பக்கம் ரொம்ப வேகமா கூடும், வெளித்தோல் அந்த அளவுக்கு கூடாது. சூடு வெளிய போகணும்னா தோல் வழியா தான் போகணும். சூரியன் பூமிய மாதிரி 109 மடங்கு அகலம், கொள்ளளவுல 13 லட்சம் பூமி உள்ள போகும். உள்ள கொஞ்சம் கொஞ்சமா உண்டாகறது அத்தனையும் அந்த ஒரு தோல் வழியா தான் வெளிய வந்தாகணும். அதனால தோலுல ஒரு சதுர மீட்டருக்கு 6 கோடி வாட்டுக்கு மேல வருது. உங்க மவகிட்ட இப்படி சொல்லுங்க, ஒரு கூடங்குளம் யூனிட் குடுக்கற 1000 மெகாவாட்டும் சூரியன் மேல 16 சதுர மீட்டர் எடத்துல இருந்து வந்துரும். உங்க வீட்டு முன் ரூம் அளவு எடம்.

காத்தாடி_ஆரல் · சனி காலை 9:30

செரி, ஒத்துக்கிட்டேன். முன் ரூம்னு சொன்ன பொறவு தான் மண்டையில ஏறிச்சு.

ஆனா இன்னொண்ணு. அவ்வளவு ஹைட்ரஜன் ஒரே எடத்துல, அவ்வளவு சூட்டுல கெடக்கும்போது ஹைட்ரஜன் பாம் மாதிரி ஒரே அடியா வெடிக்காம ஏன் பைய பைய போகுது? யாரு புடிச்சு வச்சிருக்கா?

டியூஷன்_டீச்சர் · சனி மதியம் 1:15

பேப்பர் திருத்தி முடிச்சாச்சு, வந்துட்டேன். காத்தாடி தம்பி கேட்டதுல ரெண்டு விஷயம் இருக்கு.

ஹைட்ரஜனோட கரு ஒரு புரோட்டான், பாசிட்டிவ் சார்ஜ். ரெண்டு பாசிட்டிவ் கிட்ட வந்தா தள்ளிக்கும். ரொம்ப ரொம்ப ஒட்டி வந்துட்டா மட்டும் வேற ஒரு பலமான விசை புடிச்சு இழுத்துக்கும். அந்த ஒட்டற தூரம் வரைக்கும் தள்ளிட்டு போக ஒன்றர கோடி டிகிரி சூடு கூட பத்தாது. 1920ல எடிங்டன் ஹைட்ரஜன் ஹீலியமா மாறறது தான் நட்சத்திரத்தோட எரிபொருளா இருக்கும்னு சொன்னப்போ, நட்சத்திரத்துக்குள்ள அதுக்கு வேண்டிய சூடு இல்லியேன்னு நெறைய பேர் மடக்குனாங்க. அதுக்கு அவர், இதவிட சூடான எடம் வேணும்னா நீங்களே போயி தேடிக்கோங்கங்கற மாதிரி பதில் குடுத்தாராம். 1928ல காமோவ்னு ஒருத்தர் குவாண்டம் கணக்குல ஒரு சந்து இருக்கறத காட்டுனார். மேட்டு மேல ஏற சக்தி இல்லாட்டியும், ரொம்ப அபூர்வமா துகள் மேட்டுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்துரும். சுரங்கம்னு வச்சுக்கோங்க.

முட்டம்_வள்ளம் · சனி மதியம் 1:50

டீச்சரே, இத நான் எனக்கு தெரிஞ்ச மாதிரி சொல்லி பாக்கேன், செரியான்னு சொல்லணும். கட்டுமரத்த கரையில இருந்து தள்ளி எறக்கும்போ அலை ஒடையுற எடம் ஒண்ணு உண்டு. அத தாண்டுறது தான் பாடு, மரத்த அப்படியே தூக்கி திருப்பி கரையில அடிக்கும். ஆடி மாசம் எங்க அப்பா ஒரு காலையில நாலு வாட்டி எறக்கி நாலு வாட்டியும் திரும்பி வந்து, வலையெல்லாம் மண்ணு, அன்னைக்கி தொழிலே போவல. ஆனா ஒடைவ தாண்டிட்டா போதும், அந்தப் பக்கம் கடல் அடங்கி கெடக்கும், பொறவு பாய விரிச்சிட்டு போவ வேண்டியது தான். இந்த புரோட்டானும் அப்படி ஒடைவுல நின்னு மல்லுக்கட்டுதா?

குவைத்_நைட்ஷிப்ட் · சனி மாலை 4:20

அருமை அண்ணே. ஒரே ஒரு திருத்தம், இங்க மரம் அந்த அலை மேல ஏறவே முடியாது, தெம்பு பத்தாது. ஆனா கோடானு கோடி தடவ எறக்குனா ஒரு தடவ மரம் அலைக்கு அந்தப் பக்கம் கெடக்கும், ஏறாமலே. அப்படி தாண்டுன பிறகும் இன்னொரு கண்டம் இருக்கு. ஒட்டுன அந்த கணத்துலயே ரெண்டு புரோட்டான்ல ஒண்ணு நியூட்ரானா மாறணும். மாறலன்னா ரெண்டும் பிரிஞ்சு அதது பாட்டுக்கு போயிரும். மாத்தறது ரொம்ப பலவீனமான ஒரு விசை, அதனால நூத்துக்கு தொண்ணூத்தொம்போது தடவைக்கும் மேல, மேல, மேல மாறாம தான் போகும். சூரியனோட நடுவுல இருக்கற ஒரு புரோட்டான் இந்த கல்யாணம் முடிய சராசரியா 900, 1000 கோடி வருஷம் காத்து கெடக்கணும். இந்த மொத படி முடிஞ்சதுன்னா அடுத்த படி சில செகண்டுல முடிஞ்சிரும். எல்லா தாமதமும் இந்த ஒரு வாசல்ல தான்.

பாம்ல சாதா ஹைட்ரஜன் கெடையாது, டியூட்டீரியம், டிரிட்டியம்னு நியூட்ரான் ஏற்கனவே ஒட்டி இருக்கற ஹைட்ரஜன போடுவாங்க. அந்த வாசல தாண்டுன சரக்கு அது, அதான் படக்குன்னு போகுது.

ரெண்டாவது விஷயம், யாரு புடிச்சு வச்சிருக்காங்கறது. சூரியனோட சொந்த எடை தான். உள்ள வேல கொஞ்சம் கூடிட்டா சூடு ஏறும், உப்பும், உப்புனா ஆறும், ஆறுனா வேல கொறையும். கொறைஞ்சா மேல இருக்கற எடை அமுக்கும், திரும்ப சூடாகும். நல்ல சமையக்காரி அடுப்ப பாத்துக்கற மாதிரி, ஆனா அங்க ஆள் இல்ல.

அக்கானி · சனி மாலை 4:31

1000 கோடி வருஷம் காத்து கெடக்கணும்னு சொன்னீங்களே, எனக்கு பொண்ணு பாக்குற தரகர் கணக்கும் அதே தான்.

மார்த்தாண்டம்_தேன் · சனி இரவு 7:55

நல்ல இழை. ஒரு டவுட். நடுவுல உண்டாகற வெளிச்சம் நேரா நம்ம கண்ணுக்கு வந்துருமா? எட்டு நிமிஷம்னு சொல்லுவாங்கல்ல.

டியூஷன்_டீச்சர் · சனி இரவு 8:20

எட்டு நிமிஷம் இருபது செகண்டு, அது சூரியனோட மேற்பரப்புல இருந்து இங்க வர்ற நேரம். நடுவுல இருந்து மேற்பரப்புக்கு வரத்தான் பாடு. மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுல கோயில் வாசல்ல இருந்து கடற்கரைக்கு போயி பாருங்க, கூட்டத்துல ரெண்டு அடி வச்சா ஒரு இடி, திரும்பி ஒரு அடி, பக்கவாட்டுல ரெண்டு அடி. வெளிச்சத்துக்கும் அப்படி தான், ஒரு சென்டிமீட்டர் கூட நேரா போக முடியாது. வெளிய வர பல்லாயிரம் வருஷம் ஆகும், லட்சத்துக்கு மேலன்னும் கணக்கு சொல்றாங்க. இன்னைக்கு உங்க தேன் பெட்டி மேல விழுந்த வெயிலோட சக்தி மனுஷன் குகையில இருந்த காலத்துல உண்டானது.

குவைத்_நைட்ஷிப்ட் · சனி இரவு 8:41

டீச்சர் சொன்னதுல ஒரு நூல் விட்டுப் போச்சு, கோவிச்சுக்காதீங்க. மண்டைக்காட்டுல உள்ள போன அதே ஆள் தான் கசங்கி வெளிய வருவான். இங்க உள்ள உண்டான அதே காமா கதிர் வெளிய வரல, வழியில முழுங்கப்பட்டு வேற வெளிச்சமா திரும்பி உமிழப்பட்டு, ஒண்ணு பல லட்சமா செதறி, பலம் கொறைஞ்சு கொறைஞ்சு தான் மஞ்ச வெயிலா வருது. ரெண்டாயிரம் ரூவா நோட்ட மாத்தி மாத்தி கடைசில கை நெறைய சில்லறையா வாங்குன மாதிரி.

கூட்டத்துல இடிபடாம நேரா வர்றவன் ஒருத்தன் இருக்கான், நியூட்ரினோ. புரோட்டான் நியூட்ரானா மாறும்போது வெளிய வர்றது. ஒங்க கட்டவிரல் நகத்துல ஒவ்வொரு செகண்டும் 6000 கோடிக்கு மேல பூந்து போகுது, ராத்திரில கூட, பூமிய துளைச்சு அடியில இருந்து மேல வரும். ஜப்பான்ல சுரங்கத்துக்குள்ள தண்ணித் தொட்டி வச்சு ராத்திரிலயே சூரியன படம் புடிச்சிருக்காங்க. அமெரிக்காவுல ரே டேவிஸ் ஒரு தங்கச் சுரங்கத்துல எண்ண ஆரம்பிச்சப்போ கணக்குல மூணுல ஒரு பங்கு தான் கெடைச்சுது, 30 வருஷத்துக்கு மேல சூரியன பத்தின கணக்கு தப்பா எண்ணுனது தப்பான்னு தகராறு. ரெண்டும் தப்பில்ல, வர்ற வழியில நியூட்ரினோ வேஷம் மாத்துதுன்னு 2001, 2002 வாக்குல கனடாவுல கண்டுபுடிச்சு முடிச்சு வச்சாங்க. சூரியனுக்கு உள்ள நெஜமாவே இந்த இணைவு நடக்குதுங்கறதுக்கு நேரடி சாட்சி இவன் தான்.

மார்த்தாண்டம்_தேன் · சனி இரவு 8:50

அப்ப தேனில நியூட்ரினோ ஆய்வகம் கட்டணும்னு சொன்னது இதுக்கு தானா?

டியூஷன்_டீச்சர் · சனி இரவு 8:58

அங்க திட்டம் போட்டது காத்து மண்டலத்துல உண்டாகற நியூட்ரினோவ பாக்க. அத இங்க ஆரம்பிச்சா அரசியலாகி இழைய பூட்டிருவாங்க, வேற இழை போடுங்க.

அதுக்கு பதிலா நம்ம பக்கத்து ஆளுங்கள சொல்றேன், பாடப்புத்தகத்துல ஒரு வரில முடிச்சிருவாங்க, எனக்கு அது ரொம்ப நாள் ஆதங்கம். ஹீலியத்தோட தடம் மொதல்ல தெரிஞ்சதே 1868 கிரகணத்துல, ஆந்திராவுல குண்டூர்ல நின்னு பாத்தப்போ. நட்சத்திர வெளிச்சத்துல இருக்கற கோடுங்கள வச்சு அங்க என்ன சூடு, என்ன பொருள்னு படிக்கற சமன்பாடு 1920ல மேக்நாத் சாஹா குடுத்தது. அத கையில எடுத்துக்கிட்டு செசிலியா பெய்ன்னு ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு, 1925ல நட்சத்திரம் பெரும்பாலும் ஹைட்ரஜன் தான்னு தீசிஸ்ல எழுதுனாங்க. அப்ப எல்லாரும் அங்கயும் பூமி மாதிரி இரும்பும் கல்லும்னு நெனச்சிட்டு இருந்த காலம். ரஸ்ஸல்னு ஒரு பெரியவர் இது இருக்கவே முடியாதுன்னு சொன்னதால, இந்த ரிசல்ட் நெஜமா இருக்காதுன்னு அவங்க கையாலயே எழுத வேண்டி வந்துச்சு. நாலு வருஷம் கழிச்சு அதே ரஸ்ஸல் அது சரி தான்னு ஒத்துக்கிட்டார். ஹைட்ரஜன்னு தெரியாம எரிபொருள எப்படி கண்டுபுடிப்பாங்க சொல்லுங்க. 1938, 39ல பெத்தேன்னு ஒரு விஞ்ஞானி ஹைட்ரஜன் ஹீலியமாகற கணக்க படிப்படியா முடிச்சார், 1967ல நோபல். எரிபொருள் தீந்த பிறகு என்ன ஆகும்ங்கறத மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சந்திரசேகர் 1930ல கப்பல்ல போகும்போதே போட்டு பாத்தார், பத்தொம்போது வயசு.

முட்டம்_வள்ளம் · சனி இரவு 11:20

இப்பம் மொட்டமாடில நிக்கேன், தெக்க குருசுவெள்ளி, சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம், நேரா நிக்குது. சித்திரை மாசம் பத்து, பத்தர மணிக்கு மேல கடல் மேல நல்லா நிமிந்து நிக்கும். எங்க அப்பா அத பாத்து தான் தெக்க எதுன்னு சொல்லுவாரு, ஜிபிஎஸ் வந்த பொறவு யாரும் மேல பாக்கதில்ல. நாலு வெள்ளில மேல உள்ளது மட்டும் கொஞ்சம் செவப்பு, அடியில உள்ளது வெள்ளையா நீலம் அடிச்ச மாதிரி. சின்ன வயசுல கேட்டதுக்கு "மேல உள்ளது முத்துனது, கீழ உள்ளது எளசு"ன்னு சொன்னாரு. தேங்கா கணக்குல சொன்னாரோ என்னவோ. கெழக்க கேட்டை நல்ல செவப்பா ஏறி வருது. எல்லாம் இந்த ஹைட்ரஜன் தானா, பொறவு நெறம் எப்படி மாறுது?

டியூஷன்_டீச்சர் · ஞாயிறு காலை 6:50

முட்டம் தம்பி, உங்க அப்பா சொன்னது பாதிக்கு மேல சரி! மேல இருக்கற செவப்பு நட்சத்திரம் நடுவுல ஹைட்ரஜன் தீந்து போயி உப்பிக் கெடக்கறது, செவப்பு அரக்கன்னு சொல்லுவாங்க, தோல் சூடு 3500 டிகிரி அளவுக்கு தான். உலையில இரும்பு காயும்போது மொதல்ல செவப்பு, பிறகு மஞ்ச, பிறகு வெள்ளைன்னு வருமே, அதே வரிசை. நம்ம சூரியன் 5500. அடியில இருக்கற நீலம் 20,000த்துக்கு மேல. நம்ம சூரியனும் இன்னும் 500 கோடி வருஷம் போல கழிச்சு மேல இருக்கறவன் மாதிரி ஆகும்.

எளசுன்னு சொன்னதும் சரி, ஆனா அது எளசா இருக்கறதுக்கு காரணம் அது முத்தவே வாழாது. எடை ஜாஸ்தி, நடுவுல அமுக்கம் ஜாஸ்தி, அங்க கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன தரகரா வச்சு ஹைட்ரஜன ஹீலியமாக்கற வேற வழி ஓடும், அது சூடு கொஞ்சம் ஏறுனாலே பல மடங்கு வேகம் புடிக்கும். சரக்கு பத்து மடங்கு இருந்தும் செலவு பல ஆயிரம் மடங்கு. சில கோடி வருஷத்துல முடிஞ்சிரும்.

மணவை_மணல் · ஞாயிறு காலை 8:10

இப்ப எனக்க இரும்பு கத. பெரிய நட்சத்திரம் ஹைட்ரஜன் தீந்தா ஹீலியத்த எரிக்கும், பொறவு கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான்னு போவும். சூரியன மாதிரி 25 மடங்கு எடை உள்ள ஒண்ணுக்கு ஹைட்ரஜன் 70 லட்சம் வருஷம் வரும், கார்பன் 600 வருஷம், கடைசி சிலிக்கான் ஒரே ஒரு நாள். வீட்டுல அரிசி தீந்து, பொறவு மரச்சீனி தீந்து, கடைசில சட்டிய சொரண்டுக கணக்கு. இரும்பு வந்ததும் சேத்தாலும் பொளந்தாலும் லாபம் இல்ல, அடுப்பு அணைஞ்சிரும், எடைய தாங்க ஆள் இல்ல, நடுப்பாகம் ஒரு செகண்டுக்குள்ள இடிஞ்சு விழும், வெளிப்பாகம் வெடிச்சு செதறும். கேட்டைக்கு விதி அதான்.

அப்படி செத்த நட்சத்திரத்துக்க மிச்சம் ரெண்டு மோதும்போ தங்கம், யுரேனியம், தோரியம் மாதிரி தடிச்சதெல்லாம் உண்டாவும், 2017 ஆகஸ்ட் 17ல அந்த மாதிரி ஒரு மோதல நேரடியாவே புடிச்சாவ. எங்க கடற்கரையில மழைக்காலம் அலை அடிச்சிட்டு போன பொறவு கருப்பு மணலுக்க ஊடால மஞ்ச மஞ்சளா ஒரு பொடி மின்னும், அதான் மோனசைட்டு, அதுல தான் தோரியம். மலைப் பாறையில இருந்து ஆறு கொண்டு வந்தது. அந்த தோரியத்துல பாதி கரையவே 1400 கோடி வருஷம் வேணும். சூரியனுக்கு முந்தி செத்த ஏதோ நட்சத்திரத்துக்க சரக்கு, சின்ன வயசுல நாங்க அதுல தான் கபடி விளையாடுனோம்.

காத்தாடி_ஆரல் · ஞாயிறு காலை 9:05

இத படிச்சதும் ஒரு கணக்கு ஓடுது. எங்க கணவாய்ல காத்தாடி சுத்துது, அந்த காத்து சூரியன் நெலத்த ஒரு எடத்துல கூடவும் ஒரு எடத்துல கொறயவும் காய வைக்கறதால வருது. கோதையாத்துல தண்ணி கரண்டு, அந்த தண்ணிய கடல்ல இருந்து மேல தூக்குனதும் சூரியன். வெறகு, கேஸ், டீசல், எல்லாம் பழைய வெயில். கூடங்குளம் மட்டும் செத்த நட்சத்திரத்துக்க கரண்டு. அப்ப நட்சத்திரம் இல்லாத கரண்டு பில்லே கெடையாதா?

மணவை_மணல் · ஞாயிறு காலை 9:12

இல்ல. கட்டித் தான் ஆவணும்.

தக்கலைக்காரன் · ஞாயிறு இரவு 8:40

எல்லாருக்கும் நன்றி, மூணு நாளா சோறு கூட போன பாத்துட்டே தான் தின்னேன், வீட்டுக்காரி ஏசிட்டா. இன்னைக்கு சாயங்காலம் மவள கூட்டிட்டு உரக்குண்டு பக்கத்துல போயி நின்னு சொன்னேன், சூரியன் அடுப்பு மாதிரி எரியல மக்களே, இந்த குண்டு மாதிரி உள்ள பைய பைய சூடாவுது, ஆனா குண்டு ரொம்ப பெருசு, சின்ன அணுவெல்லாம் ஒண்ணா ஒட்டும்போ கொஞ்சூண்டு எடை காணாம போயி வெளிச்சமாவுது, அதுக்கு ஆக்சிஜன் வேண்டாம்னு. கைய குண்டுக்குள்ள விட்டு பாத்தா. அந்த 7000 மடங்கு கணக்க சொன்னதும் ஒரே சிரிப்பு, நேரா ஓடி போயி அம்மாகிட்ட "நான் சூரியனவிட சூடு"ன்னு சொன்னா, அவ நெத்திய தொட்டு பாத்துட்டு காய்ச்சலான்னு கேக்கா.

பொறவு முன் ரூம்ல டேப் வச்சு அளந்தா. 13 அடிக்கு 13 அடி, குவைத் தம்பி சொன்ன 16 சதுர மீட்டர் கிட்டத்தட்ட செரியா வருது. சோபாவுக்க அடியிலயும் அளக்கணும்னு இழுத்து போட்டு, ரெண்டு மாசமா காணாத டிவி ரிமோட்டு கெடைச்சுது.

இப்ப அடுத்த கேள்வி. ராத்திரில பூமிக்க அடியில இருந்து வர்ற அந்த நியூட்ரினோ பாய் வழியா மேல வரும்போ முதுகுல ஏன் கூசலன்னு கேக்கா. குவைத் தம்பி, இன்னைக்கும் நைட் ஷிப்ட் தானா?